பக்கத்து இருக்கையில் யார்? (நிஜாம் நகரின் கதை – 17)

மூசி ஆற்று வெள்ளத்தோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். 1908 செப்டம்பர் 28ஆம் தேதி ஆறு ஊருக்குள் புகுந்ததும், பிறகு விஸ்வேஸ்வரய்யா வரவழைக்கப்பட்டு நீர்த்தேக்கங்கள் எழும்பியதும் எல்லோரும் எழுதிய கதை. அதே ஆற்றங்கரையை ஒட்டி, வெள்ளம் வடிந்த இரண்டே ஆண்டில், கல்லும் சுண்ணாம்பும் அதிகம் தேவைப்படாத வேறொரு கட்டுமானம் தொடங்கியது. ஹைதராபாத் வரலாறு எழுதுகிறவர்களில் பலர் அதை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். நாம் இந்த வாரம் முழுக்க அந்த அடிக்குறிப்பில்தான் இருக்கப்போகிறோம்.

1910இல் இசாமியா பஜாரிலும் லிங்கம்பள்ளியிலும் தொடக்கப் பள்ளிகள் திறக்கப்பட்டன. தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த மாலா, மாதிகா சாதிப் பிள்ளைகளுக்கான பள்ளிகள். (லிங்கம்பள்ளி என்றதும் மேற்கே ஐடி கம்பெனிக்காரர்கள் ரயில் பிடிக்கிற லிங்கம்பள்ளியை நினைத்துவிட வேண்டாம். இது காச்சிகுடா பக்கத்து லிங்கம்பள்ளி.) திறந்தவருக்கு அப்போது வயது 22. வீட்டில் வைத்த பெயர் மாதரி பாகய்யா. ஊர் பின்னால் அறிந்த பெயர் பாக்ய ரெட்டி வர்மா.

எதைப் பார்த்து அவருக்குப் பள்ளிக்கூடம் திறக்கத் தோன்றியது என்பது விளங்க வேண்டுமானால், அன்றைய நகரத்தில் எந்த வீட்டுப் பிள்ளை எங்கே படித்தது என்று ஒரு சுற்று சுற்றிவர வேண்டும்.

முதலில் பிரபுக்கள். திவான் சாலார் ஜங் தன் வீட்டுப் பிள்ளைகளும் தனக்குச் சமமான குடும்பத்துப் பிள்ளைகளும் இங்கிலீஷ் படிக்கட்டும் என்று 1870களில் ஏற்படுத்தியது மதரஸா-ஏ-ஆலியா. அதற்கு முன்பே, 1850களில், அவரே தாருல் உலூமை நிறுவியிருந்தார். அங்கே அரபு, பாரசீகப் படிப்பு. ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் பிள்ளைகளுக்கு 1834இலிருந்தே செயின்ட் ஜார்ஜ் கிராமர் பள்ளி இருந்தது. நிஜாமின் கஜானாவிலும் கணக்கு இலாகாவிலும் தலைமுறை தலைமுறையாகப் பேனா பிடித்த காயஸ்தர்கள் தங்களுக்கென்று தர்மவந்த், முஃபிதுல் அனாம் என்று பள்ளிகள் வைத்துக்கொண்டார்கள். மராத்தி பேசுகிறவர்களுக்கு விவேக வர்தினி. மெதடிஸ்ட் மிஷனின் ஸ்டான்லி பெண்கள் பள்ளி 1895இல் வந்தது. பர்தாவை விட்டு வெளியே வராத பெரிய வீட்டுப் பெண்களுக்கு 1907இல் மஹபூபியா பள்ளி. திரை போட்ட வண்டியில் பள்ளிக்கு வந்து திரை போட்ட வண்டியிலேயே வீடு திரும்பிய சிறுமிகள் அங்கே மேல்நாட்டுப் பெண்மணிகளிடம் பாடம் கேட்டார்கள்.

ஆற்றுக்கு வடக்கே, ஹுசேன் சாகரைத் தாண்டினால் செகந்திராபாத். அது கன்டோன்மென்ட் ஊர். சென்னைப் பட்டாளத்தோடு போன தமிழர்கள் அங்கே வியாபாரிகளாகவும் கான்டிராக்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் வேரூன்றியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான பூளை சோமசுந்தர முதலியார் 1862இல் ஒரு ஆங்கிலோ-வெர்னாகுலர் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பிற்பாடு ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் பெயரை ஏற்று மஹபூப் கல்லூரி ஆனது. 1893 பிப்ரவரி 13ஆம் தேதி, சிகாகோவுக்குக் கப்பலேறும் முன்னால், விவேகானந்தர் பேசியது அந்தக் கல்லூரியில்தான். தமிழர் ஒருவர் தொடங்கிய பள்ளி தெலுங்கு நாட்டில் உருது அரசரின் பெயரில் ஆங்கிலப் படிப்புச் சொல்லிக்கொடுத்தது என்றால், ஹைதராபாத் எப்படிப்பட்ட கலவையான ஊர் என்று சொல்லவே வேண்டாம்.

அந்தக் கலவை, தெருவோடு சரி. பழைய நகரத்தில் ஒரு நவாபின் தேவ்டி (மாளிகை) இருந்தால் அதன் மதிலை ஒட்டியே அவருடைய பல்லக்குத் தூக்கிகள், குதிரைக்காரர்கள், சமையல்காரர்கள், வண்ணார், தோட்டிகள் என்று அத்தனை பேரின் குடிசைகளும் இருக்கும். ஒரே கிணற்றுத் தெரு, ஒரே சந்து, ஒரே மசூதியின் பாங்கு. காலை எட்டு மணிக்குத்தான் தெரு பிரியும். நவாப் வீட்டுப் பையன் கோச் வண்டியில் ஒரு பக்கம், காயஸ்தர் வீட்டுப் பையன் நடந்து இன்னொரு பக்கம், குதிரைக்காரர் மகன் லாயத்துக்கு. இவர்களைப் பிரித்துவைக்க அரசாணை எதுவும் தேவைப்படவில்லை. தீண்டத்தகாத பிள்ளை அரசுப் பள்ளிக்குள் நுழையக் கூடாது என்று நிஜாம் எங்கேயும் சட்டம் போட்டு வைக்கவில்லை. வழக்கமே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

மொழியும் ஒரு சுவர். 1931 கணக்கெடுப்பின்படி நிஜாம் ராஜ்ஜியத்தில் தெலுங்கு பேசியவர்கள் ஏறக்குறையப் பாதி, மராத்தி பேசியவர்கள் கால் பங்கு, கன்னடம் பத்தில் ஒன்றுக்குச் சற்றே மேல், உருது பத்தில் ஒன்று. ஆனால் சர்க்கார் உத்தியோகத்துக்கும் மேற்படிப்புக்கும் உருதுதான் வாசல். தொடக்க வகுப்பில் தாய்மொழி இருக்கலாம் என்றது காகிதம். மேலே ஏற ஏற உருது. 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதிலேயே மருத்துவமும் பொறியியலும்கூடக் கற்பிக்கத் துணிந்ததை இன்று மொழிப் பற்றாளர்கள் பெருமையோடு சொல்வார்கள். பெருமைக்கு உரியதுதான். ஆனால் மேதக்கிலும் நல்கொண்டாவிலும் இருந்த தெலுங்குப் பிள்ளைக்கு அது இங்கிலீஷுக்குப் பதில் இன்னொரு அந்நிய மொழி. அந்த 1931இல் ராஜ்ஜியத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள்.

இப்போது பாகய்யாவுக்கு வருவோம்.

1888 மே 22இல் ஒரு மாலா குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார். வறுமையைச் சொல்லி முடியாது. வீட்டை விட்டுக் கிளம்பி, செகந்திராபாத்தில் டோஸ் சாந்தோஸ் என்ற கத்தோலிக்க பாரிஸ்டரின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த பாரிஸ்டர்தான் பையனைப் படிக்க வைத்தார். இதை நான் ஒரு முக்கியமான செய்தியாக நினைக்கிறேன். ஊரில் இத்தனை பள்ளிகள் இருந்தும், பின்னாளில் இருபத்தாறு பள்ளிகள் நடத்தப்போகிறவர் கல்வி பெற்ற இடம் ஒரு வக்கீல் வீட்டு வேலைக்காரர் பகுதி. பிறகு மின்சார வேலை கற்றுக்கொண்டு எலக்ட்ரீஷியனாகப் பிழைத்தார்.

1906இல், 18 வயதில், ஜகன் மித்ர மண்டலியைத் தொடங்கினார். படிப்பில்லாத மக்களிடம் துண்டுப் பிரசுரத்தை நீட்டிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன் மக்களுக்குப் பழகிப்போன ஹரிகதையைக் கையில் எடுத்தார். சேரிகளில் ராத்திரி கூட்டம் கூட்டிப் பாட்டும் கதையுமாகப் பேசினார்கள். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடாதே, குடிக்காதே, பிள்ளையைப் படிக்க வை. 1911இல் மண்டலி மான்ய சங்கமாக மாறியது. 1913இல் ஆரிய சமாஜத்தார் அவருக்கு வர்மா என்ற பட்டம் தந்தார்கள். அதே காலத்தில் அவர் புத்தர் பிறந்த நாளையும் கொண்டாடத் தொடங்கியிருந்தார். ஆரிய சமாஜம், பௌத்தம், பிரம்ம சமாஜம் என்று எங்கெல்லாம் ஒரு வாசல் திறந்திருந்ததோ அங்கெல்லாம் எட்டிப் பார்த்தவர் அவர். ஒரே கொள்கையில் நிற்கவில்லையே என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. வாசல்களே இல்லாத இடத்திலிருந்து வந்தவரிடம் அந்தக் குறையை நான் சொல்ல மாட்டேன்.

சங்கத்துக்குள் இருந்த வேலைகளில் எது கடினமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஹரிகதை கேட்க வருவார்கள். பஞ்சாயத்துத் தீர்ப்புக்கு வருவார்கள். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையைத் தினமும் காலையில் அனுப்பு என்றால், அந்தப் பிள்ளை மாடு மேய்த்தோ, சாணி பொறுக்கியோ, தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டோ வீட்டுக்கு உழைத்துக்கொண்டிருக்கும். இதே சிக்கல் சென்னையிலும் இருந்தது. 1894இல் அடையாறில் கர்னல் ஆல்காட் பறையர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளிக்கும் இருந்தது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று கண்டுகொண்டு 1920இல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதியச் சோறு போட்டது. ஹைதராபாத்தில் சோறு போட அப்படி ஒரு மாநகராட்சி இல்லை. நன்கொடையும் சங்கத்துக்காரர்களின் உழைப்பும்தான்.

முதல் பள்ளிகள் எழுந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். இசாமியா பஜார், சுல்தான் பஜார், சாதர்காட் எல்லாம் பிரிட்டிஷ் ரெசிடென்டின் மாளிகையை ஒட்டிய பகுதிகள். ரெசிடென்சி பஜார்கள் 1933 வரை நிஜாமின் நேரடி அதிகாரத்துக்கு வெளியே இருந்தன. சங்கம் வைக்கவும் கூட்டம் போடவும் நிஜாம் எல்லைக்குள் அனுமதி கேட்டு அலைய வேண்டும். இங்கே மூச்சு விட முடிந்தது. ஹைதராபாத்தின் அரசியல் இயக்கங்கள் பலவும், மராத்தி, தெலுங்கு வாசகசாலைகளும் இந்த ஒரு சதுர மைலைச் சுற்றியே முளைத்ததற்குக் காரணம் அதுதான். சாதர்காட்டில் ஆதி இந்து பவன் எழுந்ததும் இங்கேதான்.

1917 நவம்பரில் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) ஒரு மாநாடு. மாகாண பஞ்சம மாநாடு என்று அழைப்பிதழ் அடித்திருந்தார்கள். தலைமை தாங்க ஹைதராபாத்திலிருந்து பாக்ய ரெட்டி வர்மா போனார். பஞ்சமர் என்ற பெயரை ஏற்க முடியாது என்றார். மாநாடு ஆதி ஆந்திர மாநாடு ஆனது. கூட்டம் நடந்த மூன்று நாளும் மலைமேல் கனகதுர்கை கோயிலை இழுத்து மூடிவிட்டார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் உள்ளே நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கோயிலுக்குள் போக வேண்டும் என்று மாநாட்டில் யாரும் திட்டம் வைத்திருக்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் பள்ளிக்கூடம், நிலம், கிணறு.

1920களில் மான்ய சங்கம் ஆதி இந்து சமூக சேவைக் கழகமாக வளர்ந்தது. பள்ளிகள் ஒவ்வொன்றாகக் கூடின. இறுதியில் 26. அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். தெலுங்கில் பாடம். ஒரு எலக்ட்ரீஷியன் சம்பளக்காரரும் நண்பர்களும் சேர்ந்து நடத்திய காரியம் இது என்பதை மறந்துவிடக் கூடாது.

அதே பத்தாண்டில் நிஜாம் அரசு செய்த ஒரு காரியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1923இல் பேகம்பேட்டையில் ஜாகிர்தார் கல்லூரி திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியைப் பார்த்துச் செய்த ஏற்பாடு. ஜாகிர்தார்களின், அதாவது கிராமம் கிராமமாக வரி வாங்கித் தின்ற பிரபுக்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். கல்லூரி என்று பெயரே தவிர உண்மையில் பள்ளிக்கூடம்தான். நூறு ஏக்கருக்கு மேல் நிலம், விளையாட்டுத் திடல்கள், குதிரையேற்றம். இசாமியா பஜாரிலிருந்து பேகம்பேட்டைக்குப் பத்துக் கிலோமீட்டர்கூட இருக்காது. ஒன்றில் ஜாகிர் கிராமத்தில் கூலியில்லாத வெட்டி வேலை செய்தவரின் வழிவந்த பிள்ளை, இன்னொன்றில் அந்த ஜாகிரின் வாரிசு. வெட்டி மாதிகா என்ற தலைப்பில் பாக்ய ரெட்டி வர்மா கதையும் எழுதியிருக்கிறார். ஜாகிர்தார் கல்லூரி நூலகத்தில் அதைப் படித்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

சாதிக்கு ஒரு விடுதி என்ற ஏற்பாடும் இந்தச் சமயத்தில்தான் ஓங்கியது. 1918இல், பின்னாளில் நகரக் கொத்வாலாக (போலீஸ் கமிஷனராக) உயர்ந்த ராஜா பகதூர் வெங்கடராம ரெட்டி, கிராமத்திலிருந்து வரும் ரெட்டி மாணவர்களுக்காக ரெட்டி ஹாஸ்டலைத் தொடங்கினார். அதைப் பார்த்து மற்ற சாதியாரும் தங்கள் தங்கள் விடுதிகளைக் கட்டினார்கள். சென்னையிலும் மதுரையிலும் இருந்த சாதி விடுதிகளை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரெட்டி ஹாஸ்டலில் தங்கிப் படித்த ராவி நாராயண ரெட்டி, 1930களில் ஹரிஜன சேவா சங்கத்தின் செயலாளராகி தலித் மாணவர்களுக்கு விடுதி நடத்தினார். பின்னால் தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரும் அவரே. தன் சாதி விடுதியிலிருந்து வெளியே வந்து இன்னொரு சாதிக்கு விடுதி கட்டினார். எல்லோரும் சேர்ந்து தங்கும் விடுதியைக் கட்ட அவராலும் முடியவில்லை.

இந்த ஊரின் கல்வி வரலாற்றை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு முறை ஒரு கூட்டம் படிக்க இடம் கேட்டபோதும் ஹைதராபாத் ஒரு புதுக் கட்டடத்தைக் காட்டியது. பழைய கட்டடத்தின் கதவைத் திறக்கவில்லை.

பாக்ய ரெட்டி வர்மா தனிப்பள்ளி கட்டியது சரியா என்று கேட்டால், சரி. 1910இல் ஆறு வயதாக இருந்த பிள்ளை, காயஸ்தரும் பிராமணரும் நவாபும் மனம் மாறும்வரை ஆறு வயதிலேயே நின்றுகொண்டிருக்காது. எழுத்து கைக்கு வந்துவிட்டால் மற்றதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் முடிவு செய்ததில் தவறு காண எனக்குத் துணிவில்லை. தவறு, அந்தப் பள்ளிகளை 1930களில் தன் கையில் எடுத்துக்கொண்ட அரசாங்கத்தினுடையது. சங்கத்தின் கையிலிருந்து பள்ளிகள் சர்க்கார் வசம் போனபோது, அவற்றை மற்றப் பிள்ளைகளுக்கும் பொதுவாக்கவோ, அந்தப் பிள்ளைகளை மற்றப் பள்ளிகளுக்குள் அனுப்பவோ ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது. தாழ்த்தப்பட்டோர் பள்ளிகள் தாழ்த்தப்பட்டோர் பள்ளிகளாகவே தொடர்ந்தன, சம்பளப் பட்டியல் மட்டும் மாறியது. 1939 பிப்ரவரி 18இல் பாக்ய ரெட்டி வர்மா மறைந்தார். வயது ஐம்பத்தொன்று நிறையவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்களில் பி.எஸ். வெங்கட்ராவ் குறிப்பிடத் தக்கவர். ஹைதராபாத் அம்பேத்கர் என்றே அவரைச் சொன்னார்கள். தாழ்த்தப்பட்டோர் கல்விக்கென்று நிஜாமிடமிருந்து ஒரு கோடி ரூபாய் நிதியைப் பெற்றுத் தந்தவர் அவர். 1940களில் ஒரு கோடி என்றால் சாமானியத் தொகை அல்ல. 1947இல் நிஜாமின் அமைச்சரவையில் கல்வித் துறையே அவர் கைக்கு வந்தது. ராஜ்ஜியத்தின் கடைசி ஆண்டில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியிலிருந்து ஒருவர் கல்வி அமைச்சராக இருந்தார் என்பது நிஜாம் வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் வந்தது. அமைச்சரவை போயிற்று.

1949இல் ஜாகிர்கள் ஒழிக்கப்பட்டன. ஜாகிர்தார்களே இல்லாதபோது ஜாகிர்தார் கல்லூரி எதற்கு? 1951இல் அது ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூல் ஆனது. பெயர்ப் பலகையில் பிரபுத்துவம் போய் பப்ளிக் வந்தது. இன்று மைக்ரோசாஃப்டின் தலைவரான சத்யா நாதெள்ளா படித்த பள்ளி அதுதான். ஜாகிர் இல்லாவிட்டால் பரவாயில்லை, கட்டணம் கட்டத் தெரிந்தால் போதும் என்று அந்த வாசல் புதிய கணக்குக்கு மாறிக்கொண்டது.

சுதந்திர இந்தியாவுக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. 1964 முதல் 1966 வரை வேலை பார்த்த கோத்தாரி கமிஷன், பணக்காரருக்கு ஒரு பள்ளி ஏழைக்கு ஒரு பள்ளி என்ற ஏற்பாடு இருக்கும்வரை ஒரே சமூகம் உருவாகாது என்று கண்டு, பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. ஒரு தெருவில் குடியிருக்கும் பிள்ளைகள் எல்லாம், சாதி மதம் வருமானம் பாராமல், அந்தப் பக்கத்துப் பள்ளியிலேயே சேர வேண்டும் என்பது அதன் கருத்து. அரசுகள் தலையாட்டின. அறிக்கை அலமாரிக்குப் போனது.

இதே காலத்தில் அமெரிக்கா எதிர்த் திசையிலிருந்து இதே கேள்விக்கு வந்து சேர்ந்திருந்தது. கான்சாஸ் மாநிலத்து டொபீகா நகரில் லிண்டா பிரவுன் என்ற கறுப்பினச் சிறுமி, வீட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையர் பள்ளி இருக்க, தொலைவில் இருந்த கறுப்பர் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அவள் அப்பாவும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1954 மே 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நிறத்தைப் பார்த்துப் பள்ளி பிரிப்பது செல்லாது என்றது. பெரிய வெற்றி. ஆனால் அங்கே தெருக்களே பிரிந்து கிடந்தன. வெள்ளையர் தெருவில் வெள்ளையர், கறுப்பர் தெருவில் கறுப்பர். பக்கத்துப் பள்ளிக்குப் போ என்று சொன்னாலே பழைய பிரிவினை திரும்பிவந்துவிடும். ஆகவே பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி அடுத்த வட்டாரத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1974இல் பாஸ்டனில் அந்தப் பஸ்கள்மேல் கல் விழுந்தது. அதே ஆண்டு டெட்ராய்ட் வழக்கில், புறநகர்ப் பள்ளிகளை இதில் இழுக்க முடியாது என்று தீர்ப்பாகிவிட்டது. வசதியுள்ளவர்கள் புறநகரில் வீடு வாங்கிக்கொண்டு தப்பித்தார்கள்.

ஹைதராபாத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. பஞ்சாரா ஹில்ஸ் பங்களாவுக்குப் பின்பக்கமே பஸ்தி (குடிசைப் பகுதி) இருக்கும். அந்த பங்களாவில் பாத்திரம் துலக்குகிற அம்மா நடந்தே வேலைக்கு வருவார். இங்கே பக்கத்துப் பள்ளி என்று ஒன்றை நேர்மையாக நடத்தினாலே போதும், இரண்டு வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கும். அதனால்தானோ என்னவோ, அதை யாரும் நடத்தவில்லை. காலையில் மஞ்சள் பஸ் ஒரு பிள்ளையைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போகிறது. அமெரிக்காவில் சேர்த்துவைக்க விட்ட பஸ், இங்கே பிரித்துவைக்க ஓடுகிறது.

ஏழைகளும் அரசுப் பள்ளியை நம்பிக் காத்திருக்கவில்லை. 2000இல் ஜேம்ஸ் டூலி என்ற பிரிட்டிஷ் பேராசிரியர் சார்மினாரைச் சுற்றிய சந்துகளில் நடந்தபோது, மாடிப்படிக்குக் கீழும் கோழிப்பண்ணை அளவு அறைகளிலும் நடந்த தனியார் பள்ளிகளைப் பார்த்து அதிசயித்து, 2009இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். ரிக்‌ஷாக்காரர்களும் பழவண்டிக்காரர்களும் மாதா மாதம் சிறு கட்டணம் கட்டி இங்கிலீஷ் மீடியம் படிக்க வைக்கும் பள்ளிகள். தனியார் கல்வியின் வெற்றி என்று அவர் எழுதினார். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. ரிக்‌ஷாக்காரர் மகன் ஒரு பள்ளியில், கொஞ்சம் கூடக் கட்ட முடிந்த டெய்லர் மகன் அடுத்த சந்துப் பள்ளியில், எதுவும் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியில். நிஜாம் காலத்தில் ஐந்தாறு படிக்கட்டு இருந்தது. இப்போது கட்டண விகிதத்துக்கு ஒரு படி.

அரசு தன் பங்குக்குக் குருகுலங்களைக் கட்டியது. பி.வி. நரசிம்ம ராவ் 1971இல் சர்வேல் கிராமத்தில் முதல் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். 1980களில் தாழ்த்தப்பட்டோருக்கென்று தனி உறைவிடப் பள்ளிகள், பிறகு பழங்குடியினருக்கு, பிற்பட்டோருக்கு, தெலங்கானா பிறந்தபின் சிறுபான்மையினருக்கு. இவற்றைக் குறைத்துப் பேச முடியாது. 2014 மே 25இல் எவரெஸ்ட் உச்சியில் நின்ற 13 வயதுப் பழங்குடிச் சிறுமி மலாவத் பூர்ணா அந்தப் பள்ளிகளின் மாணவிதான். மூன்று வேளைச் சாப்பாடு, புத்தகம், தங்குமிடம், இங்கிலீஷ். பாக்ய ரெட்டி வர்மா கனவில்கூடக் கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் பட்டியலைப் படியுங்கள்: தாழ்த்தப்பட்டோருக்கு ஒரு சொசைட்டி, பழங்குடியினருக்கு ஒன்று, பிற்பட்டோருக்கு ஒன்று, சிறுபான்மையினருக்கு ஒன்று. 1910இன் ஹைதராபாத்தே சர்க்கார் முத்திரையோடு நிற்கிறது.

2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதன் 12(1)(சி) பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளும் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை அக்கம்பக்கத்து ஏழை, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இது செல்லும் என்றது, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. கோத்தாரி சொன்னதில் கால் பங்குதான். இருந்தாலும் பழைய கட்டடத்தின் கதவைத் திறக்கச் சொன்ன முதல் சட்டம் அது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் இந்த இடங்களுக்கு விண்ணப்பமும் குலுக்கலும் நடப்பதை வாசகர்கள் அறிவார்கள். மத்திய நிதி வராமல் 2025இல் அந்தச் சேர்க்கை தள்ளிப்போய் வழக்கானதையும் அறிவார்கள். தெலங்கானாவிலோ சட்டம் அமலுக்கு வந்து பத்தாண்டுக்கு மேல் ஆன பின்னும் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வராமலே இருந்தது. எங்களிடம் குருகுலங்கள் இருக்கின்றன என்பதே அரசுத் தரப்பின் சமாதானம். அதாவது, வேறு கட்டடம் இருக்கிறது.

ஆனால் ஜாகிர்தார் கல்லூரிக்குள் ஒரு சிறிய வழி உண்டு. ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலின் முதல் வகுப்பில் எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகள் சிலருக்கு அரசு கட்டணம் கட்டுகிறது. மாவட்டந்தோறும் விரல்விட்டு எண்ணத்தக்க இடங்கள். விண்ணப்பம் குவியும். ஆகவே குலுக்கல். கலெக்டர் அலுவலகத்துக் கூட்ட அறையில் பெற்றோர் உட்கார்ந்திருப்பார்கள். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஆதார். நகரமானால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள், கிராமமானால் ஒன்றரை லட்சத்துக்குள். மேஜைமேல் ஒரு டப்பா, உள்ளே மடித்த சீட்டுகள். பெயர் வந்தால் அந்தக் குழந்தை பேகம்பேட்டைக்குப் போகும். வராவிட்டால் ஊர்ப் பள்ளி. ஆறு வயதுப் பிள்ளையின் அறிவும் உழைப்பும் அந்த டப்பாவுக்குத் தெரியாது. இதே பாணியில் மற்ற நல்ல தனியார் பள்ளிகளுக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. அதற்கு அரசு கட்ட வேண்டிய பணம் பாக்கி விழுந்து, 2025இல் பெற்றோர் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது.

2024 அக்டோபர் 11ஆம் தேதி ரங்காரெட்டி மாவட்டத்துக் கொந்துர்க்கில் தெலங்கானா அரசு ஒரு புது அடிக்கல் நாட்டியது. யங் இந்தியா ஒருங்கிணைந்த உறைவிடப் பள்ளிகள் என்று பெயர். தனித்தனியாகக் கிடக்கும் எஸ்.சி., எஸ்.டி., பி.சி., சிறுபான்மைக் குருகுலங்களை ஒரே வளாகத்துக்குள் கொண்டுவருவது திட்டம். நல்ல முடிவு. நூற்றுப் பதினான்கு ஆண்டு தாமதமானாலும் நல்ல முடிவு. ஆனால் ஒடுக்கப்பட்டவர்களை ஒடுக்கப்பட்டவர்களோடு ஒருங்கிணைப்பது பாதி வேலைதான். கட்டணம் கட்டத் தெரிந்த வீட்டுப் பிள்ளை அந்த வளாகத்துக்கும் வரப்போவதில்லை. அந்தப் பிள்ளையைக் கொண்டுவரும் சட்டம் ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது. அதை அமல்படுத்தப் புது நிலமோ அடிக்கல்லோ தேவையில்லை.

அடுத்த வாரம், 1933இல் ரெசிடென்சி பஜார்கள் நிஜாமிடம் திரும்பியதையும், அதனால் சுல்தான் பஜார் அச்சகங்களுக்கும் வாசகசாலைகளுக்கும் வந்த வினையையும் பார்ப்போம்.

(தொடரும்)